உள்ளத்துள் ஒரு குடும்பம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



இளைஞர் அரங்கிற் பேசும் பணியை எம்மிடம் ஒப்படைத்தபோது செயற்குழுவினர் குறித்துத் தந்த பொருள் ‘மனத்தை அடக்குதல்’ என்பதாகும். நல்ல பொருள், நம் முன்னோர் பன்னெடுங்காலமாகப் பேசிவந்த பொருள். ஆயினும், அடக்கப்படுவது யாது, அது ஏன் அவ்வாறு துள்ளுகின்றது, அதனிடம் எவரேனும் ஒருமுறையாவது காரணம் கேட்டதுண்டா என்னும் வினாக்கள் எழுகின்றன அல்லவா? அவ்வினாக்களுக்கு இக்கால உளநூலின் ஒரு பிரிவு கூறும் விடையை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம். உளநூலைச் சர்வகலாசாலையிற் கற்கும் மாணவர் என்ற அளவிலேயே பேசுகின்றோம். வைத்தியர் என்ற நிலையில் அன்று.

நமது ஊர்ப் பேச்சை முதலிற் கவனிப்போம். கொழும்பிலே வேலை கிடைத்த ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். “ஒரு மனம் போகச் சொல்லுது, ஒரு மனம் அம்மாவை விட்டிட்டுப் போகாதை எண்டு சொல்லுது” என்று விடை வரும். இதனைக் கேட்டு எவரும் வியப்பதில்லை. ஒருவனுக்கு எத்தனை மனம் என்று வினவுவதுமில்லை. அரைமனம், இருமனம், மனச்சாட்சி உறுத்துதல், மனத்தைத் தேற்றுதல் என நாம் நாளும் வழங்கும் சொற்கள் யாவும், உள்ளத்தினுள்ளே பேசுவோரும் கேட்போருமாகப் பலர் இருப்பதை இயல்பாகவே ஒப்புக்கொள்கின்றன. திருக்குறளின் காமத்துப்பாலில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என ஓர் அதிகாரமும், ‘நெஞ்சொடு புலத்தல்’ என மற்றோர் அதிகாரமும் உள்ளன. முன்னதில் நெஞ்சை அருகிருத்திப் பேசுதலும், பின்னதில் அதே நெஞ்சோடு பிணங்குதலும் நிகழ்கின்றன. ஆகவே, உள்ளத்தோடு உரையாடுதல் தமிழருக்குப் புதியதன்று. புதியது யாதெனின், அவ்வுரையாடலைத் துன்பம் தீர்க்கும் ஒரு சிகிச்சை முறையாக ஒழுங்குசெய்தமையே.

மேனாட்டு உளநூலும் இவ்வழியிற் சிறுகச் சிறுக நடந்தே வந்தது. வியன்னா நகர வைத்தியர் சிக்மண்ட் பிராய்ட் 1923 இல் வெளியிட்ட நூலொன்றிலே மனத்தை மூன்று கூறாக்கிக் காட்டினார். இத்தாலிய வைத்தியர் ரொபேட்டோ அசாஜியோலி, ஒருவருக்குள்ளே சிற்றாளுமைகள் பல வாழ்கின்றன என்றார். பிரிட்ஸ் பேர்ள்ஸ் என்பார் வெறுங் கதிரையொன்றை எதிரே வைத்து, அதிலே தம்முள்ளிருக்கும் ஒரு கூறு அமர்ந்திருப்பதாக எண்ணி அதனோடு பேசுமாறு தம்மை நாடி வந்தோரைத் தூண்டினார். இவற்றின் வழியே வந்து, உட்கூறுகளுக்கென ஒரு முழுமையான சிகிச்சை முறையை வகுத்தவர் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கலாநிதி றிச்சட் சுவாட்ஸ் ஆவார்.

சுவாட்ஸ் தொடக்கத்திலே ஒரு குடும்ப சிகிச்சையாளர். ஒருவரின் நோயை அவருடைய குடும்ப உறவுகளோடு சேர்த்தே நோக்கவேண்டும் என்பது அத்துறையினரின் கொள்கை. 1980 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிற் சிக்காகோ நகரிலே, அளவுமீறி உண்டு பின்னர் தாமே வாந்தியெடுக்கும் நோயினால் வருந்திய இளைஞர்களுக்கு அவர் சிகிச்சை அளித்தார். குடும்பத்தைச் சீர்செய்தாயிற்று, ஆனாற் பலருக்கு நோய் நீங்கவில்லை. ஏன் என்று அவர்களையே கேட்டார். அவர்கள் தம்முள்ளே நிகழ்வதை எடுத்துரைத்தனர். ஒரு கூறு ஓயாமல் ஏசுகின்றது. அந்த ஏச்சைக் கேட்டு மற்றொரு கூறு, தான் எதற்கும் உதவாதது, தனித்துவிடப்பட்டது என்று குமைகின்றது. அந்த வேதனையை மறக்கச்செய்யும் பொருட்டு மூன்றாவதொரு கூறு ஓடிவந்து உண்ணத் தூண்டுகின்றது. உண்டு முடிந்ததும் முதற்கூறு முன்னிலும் உரத்து ஏசுகின்றது. சண்டையும் சமாதானமும், கூட்டணியும் காவலுமாகக் குடும்பங்களிலே தாம் கண்டவை அனைத்தும் ஒரே உள்ளத்துள் நிகழ்வதை அவர் உணர்ந்தார். தமது முறைக்கு ‘அகக் குடும்ப முறை’ எனப் பொருள்படும் பெயரையே இட்டார். 1995 இல் துறைசார்ந்தோருக்கென ஒரு நூலை வெளியிட்டார். பொதுமக்களுக்காக 2021 இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர், ‘தீய கூறுகள் இல்லை’ எனப் பொருள்படுவது.

இக்கொள்கைக்கு அவர் எளிதாக வந்துவிடவில்லை. அவரே எழுதியுள்ள ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். இளமையிற் கொடுமைக்கு ஆளாகி, அதன் பயனாகத் தன்னுடலைத் தானே காயப்படுத்தும் பழக்கமுடைய ஒருவர் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். அப்பழக்கத்துக்குக் காரணமான கூறினை எப்படியாவது பணியவைத்துவிட வேண்டும் என்று சுவாட்ஸ் உறுதிபூண்டார். இந்த வாரம் காயப்படுத்தமாட்டேன் என அக்கூறு வாக்களிக்கும்வரை அவரைப் போகவிடாது வற்புறுத்தினார். வாக்குக் கிடைத்தது. மறுமுறை அவர் வந்தபோது முகத்திலேயே பெருங்காயம் இருந்தது. சுவாட்ஸ் மனமுடைந்து, உன்னை வெல்ல என்னால் இயலாது, தோற்றுவிட்டேன் என்னும் கருத்துப்படக் கூறினார். அதன்பின் நிகழ்ந்ததே வியப்பு. உன்னை வெல்வது என் நோக்கமன்று என்று அக்கூறு இறங்கிவந்தது. அவர் அதனை அதட்டாது, நீ ஏன் இதனைச் செய்கின்றாய் என்று உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். கொடுமை நிகழ்ந்த நாட்களிலே அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வேறு வழியறியாது தான் ஏற்றுக்கொண்ட வேலையே இது என்ற வரலாறு வெளிவந்தது. பகையென அவர் எண்ணியது, களைத்துப்போன ஒரு காவலாளியே.

இனி, இம்முறை கூறும் குடும்பத்தவர் யாவர் எனக் காண்போம். மூவகையினரை அது காட்டுகின்றது. முதல்வகையினர் புறந்தள்ளப்பட்டோர். அவமானம், அச்சம், தனிமை ஆகிய பழைய வேதனைகளைச் சுமக்கும் இளங்கூறுகள் இவை. இவர்களைப் பார்த்தால் வலிக்குமென்று உள்ளத்தின் ஓர் அறையிலே பூட்டிவைக்கின்றோம். இரண்டாம் வகையினர் நிருவாகிகள். அவ்வறை திறந்துவிடாதபடி முன்கூட்டியே காரியம் பார்ப்பவர்கள். குறைகூறி ஓட்டுவதும், எல்லாரையும் மகிழ்விக்க முனைவதும், எதனையும் பிழையறச் செய்யத் துடிப்பதும் இவர்களின் தொழில். மூன்றாம் வகையினர் தீயணைப்போர். இவ்வளவு காவலையும் மீறி அறை திறந்து வேதனை வெளிப்பட்டுவிட்டால், எவ்வாறாயினும் உடனே அணைத்துவிடப் பாய்பவர்கள். வீடு எரியும்போது தீயணைக்க வருபவன் கண்ணாடி உடைகின்றதா, புத்தகம் நனைகின்றதா என்று பார்ப்பதில்லை. அதுபோலவே மது, வெறிகொண்ட கோபம், விடியும்வரை கைத்தொலைபேசி என எது கைக்கு அகப்படுகின்றதோ அதனைக்கொண்டு இவர்கள் வேதனையை அணைப்பர். பின்னர் நேரும் அழிவு இவர்கள் கண்ணிற் படுவதில்லை.

விளக்கத்தின் பொருட்டு உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் ஒரு மாணவனைக் கற்பனை செய்வோம். புத்தகத்தைத் திறக்கின்றான். “உன்னால் இயலாது, நேரத்தை வீணாக்கினாய், மற்றவர்கள் எங்கோ போய்விட்டார்கள்” என்று ஒரு குரல் உள்ளே தொடங்குகின்றது. நெஞ்சு படபடக்கின்றது. கை தானாகவே தொலைபேசியை எடுக்கின்றது. இரண்டு மணித்தியாலம் கழிகின்றது. முதற்குரல் இப்பொழுது இரட்டிப்பாக ஏசுகின்றது. வீட்டார் சோம்பேறி என்கின்றனர். அவனும் தன்னை அவ்வாறே நம்புகின்றான். நேர அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுகின்றான். மூன்றாம் நாள் அட்டவணை இருக்கின்றது, அவன் படிப்பு இல்லை.

அவனுள்ளே உண்மையில் நடப்பது யாது? சிலவேளை இவ்வாறிருக்கலாம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று, உறவினர் நிறைந்த வீட்டிலே, அடுத்த வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு தன் புள்ளியை ஒப்பிட்டுப் பேசியதைக் கேட்டு, கதவின் பின்னால் நின்ற பத்து வயதுப் பாலகன் ஒருவன் அவனுள்ளே இன்னும் நிற்கின்றான். அவனே புறந்தள்ளப்பட்டவன். ஏசுகின்ற குரல் நிருவாகி. மறுபடியும் அந்த நாள் வந்துவிடக் கூடாது, அதற்கு முன்னர் நானே உன்னை அடித்துத் திருத்திவிடுகின்றேன் என்பது அதன் எண்ணம். தொலைபேசியை எடுக்கும் கை தீயணைப்போன். அந்தப் பாலகனின் அழுகை கேளாதிருக்கப் பாட்டைச் சத்தமாக வைக்கின்றான். மூவருள் தீயவன் யார்? மூவரும் ஒரே பிள்ளைக்காகவே பாடுபடுகின்றனர். ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமையே இங்கு துன்பம்.

இதே கண்கொண்டு நமது சமூகத்தையும் நோக்கலாம். நம் வீடுகள் பலவற்றிலே பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அடையாள அட்டைப் பிரதி, நகைத்துண்டு ஆகியன வைத்த பை ஒன்று கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். 1995 ஒக்ரோபர் மாத முடிவிலே ஓரிரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள், 2009 வரை ஊரூராகப் பெயர்ந்தவர்கள், அந்தப் பையை இன்றும் எடுத்து உள்ளே வைக்க மனங்கொள்ளவில்லை. வாணவெடி கேட்டதும் திடுக்கிடும் தந்தையர் உளர்; பிள்ளை மாலை வகுப்பு முடிந்து பத்து நிமிடம் பிந்தினாற் படலையிலே நின்று பதைக்கும் தாய்மார் உளர். இளைஞராகிய நாம் இவற்றைக் கண்டு சிலவேளை சிரிப்பதுண்டு, சிலவேளை சினப்பதுமுண்டு. ஆனால் அகக் குடும்ப முறை கூறுவது யாது? சில கூறுகள் பழைய காலத்திலேயே உறைந்து நிற்கின்றன என்பதே. போர் 2009 இல் முடிந்தது. அந்தச் செய்தி உள்ளத்தின் காவலாளிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பல ஆண்டுகள் உறங்காது நின்று ஓர் உயிரைக் காத்த காவலாளியை, முட்டாளே, போர் முடிந்துவிட்டது தெரியாதா என்று அதட்டுதல் நன்றியாகுமா? முதலில் அவனுக்கு வணக்கம் சொல்லவேண்டும். அதன்பின்னர் அவன் அருகிருந்து, மெல்ல, இது எந்த ஆண்டு என்று சொல்லவேண்டும்.

அவ்வாறு அருகிருந்து சொல்பவர் யார் என்று நீங்கள் கேட்கலாம். இக்கேள்வியே இம்முறையின் நடுநாயகம். கூறுகள் அனைத்துக்கும் அப்பால், எவரிடத்தும் பழுதுறாது இருக்கும் ஒன்றினைச் சுவாட்ஸ் ‘தான்’ என்று பொருள்படும் சொல்லாற் குறிக்கின்றார். அமைதி, அறியும் ஆவல், தெளிவு, பரிவு, தன்னம்பிக்கை, துணிவு, ஆக்கத்திறன், இணைந்திருக்கும் உணர்வு என எட்டு இயல்புகளை அதற்குக் கூறுகின்றார். அதனைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. கூறுகள் சற்றே வழிவிட்டால் அது தானாகவே வெளிப்படும் என்பது அவர் கண்டது.

வழிவிடச் செய்வது எவ்வாறு? முதலில், துன்பம் தரும் கூறினை உடலில் எங்கே உணர்கின்றோம் என்று கவனிக்கவேண்டும். நெஞ்சின் இறுக்கமாகவோ, வயிற்றின் கலக்கமாகவோ, தொண்டையின் அடைப்பாகவோ அது தென்படலாம். அடுத்து ஒரு கேள்வி: இந்தக் கூறின்மீது இப்பொழுது நமக்கு என்ன எண்ணம்? ‘வெறுக்கின்றேன், ஒழிந்தாற் போதும்’ என்று விடை வந்தால், விடை சொன்னது ‘தான்’ அன்று. மற்றொரு கூறு முந்திக்கொண்டு பேசுகின்றது. அதனையும் கோபிக்கலாகாது. நீ சற்று ஒதுங்கி நில், நான் இவனோடு பேசிவிட்டு வருகின்றேன் என்று அதனிடமும் தயவாகக் கேட்கவேண்டும். ‘பாவம், இது ஏன் இப்படிச் செய்கின்றது என்று அறிய விரும்புகின்றேன்’ என்னும் விடை உள்ளிருந்து எழும்போதுதான் உரையாடல் தொடங்கும். அப்பொழுது கேட்கவேண்டியது இதுவே: நீ இந்த வேலையை நிறுத்தினால் என்ன நேர்ந்துவிடும் என்று அஞ்சுகின்றாய்? நாம் மேலே கண்ட மாணவனுடைய ஏசும் குரலிடம் இக்கேள்வியைக் கேட்டால், ‘நான் ஏசாவிட்டால் நீ தோற்பாய், தோற்றால் மறுபடியும் கதவின் பின்னால் நிற்பாய்’ என்று அது சொல்லக்கூடும். அந்த ஒரு விடையிலே அதன் கடுமை அனைத்துக்கும் அடியிலுள்ள அன்பு புலப்படுகின்றது. பின்னர் அதன் இசைவோடு கதவின் பின்னால் நிற்கும் பாலகனிடம் சென்று, அவன் சொல்வதை முழுவதும் கேட்டு, அவன் சுமையை இறக்கவிடுவதே சிகிச்சையின் முடிவான பணி. காவலாளியின் இசைவின்றி அவ்வறைக்குள் நுழைதல் கூடாது என்பது இம்முறையின் விதி.

இங்கே பெரியோர் சிலர் ஐயுறலாம். கோபத்தையும் சோம்பலையும் குடியையும் இவ்வாறு சீராட்டினாற் பிள்ளைகள் கெட்டுப்போகமாட்டார்களா? நியாயமான ஐயமே. ஆயினும் கூறினை ஏற்றல் வேறு, அது தூண்டும் செயலை ஏற்றல் வேறு. மனைவியை அடிக்க ஓங்கிய கையை அந்தக் கணத்திலேயே தடுக்கவேண்டும். அதிலே பேச்சுக்கு இடமில்லை. கூறின் வரலாறு எதுவாயினும், அடித்த கைக்குப் பொறுப்பு அவனுடையதே. ஆனால் தடுத்ததோடு விட்டுவிட்டால் நாளைக்கும் கை ஓங்கும். கையை ஓங்கச் செய்த கூறு எதனைக் கண்டு அஞ்சிற்று என்பதை அவன் அறிந்தாலன்றி அது ஓயாது. அடக்குதல் மட்டுமே தெரிந்த மனம், அடக்கியவற்றைக் காவல்செய்வதிலேயே தன் வலிமை முழுவதையும் செலவிடுகின்றது. அணைகட்டியவன் உறங்க முடியாது. வாய்க்கால் வெட்டியவன் உறங்கலாம்.

நாம் பயின்ற மிஷன் பாடசாலையின் விவிலிய வகுப்பிலே ‘கெட்ட குமாரன்’ என்னும் உவமைக் கதையை ஆண்டுதோறும் கேட்பதுண்டு. தன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு போய்த் தூரதேசத்தில் அழித்த இளையவன், ஒட்டாண்டியாகத் திரும்பி வருகின்றான். அவன் தூரத்தே வரும்போதே தந்தை கண்டு ஓடிச்சென்று தழுவிக்கொள்கின்றார். இதனை எல்லாரும் அறிவர். பலர் கவனியாது விடுவது பிற்பகுதியை. ஒழுங்காக உழைத்த மூத்தவன் சினந்து வீட்டுக்குள் வர மறுக்கின்றான்; அவனையும் அழைக்கத் தந்தை வெளியே வருகின்றார். ஊதாரியும் ஒழுங்கானவனும் ஆகிய இருவரையும் தேடி அவர் படியிறங்குகின்றார். கதைக்குக் ‘கெட்ட குமாரன்’ என்று பெயரிட்டது பின்வந்தோர். தந்தையோ அவனைக் காணாமற்போனவன் என்றே கருதினார். அகக் குடும்ப முறையிலே ‘தான்’ செய்யவேண்டிய வேலையை இக்கதைபோல் விளக்குவது அரிது. இளையவன் தீயணைப்போன், மூத்தவன் நிருவாகி, இருவருக்கும் வேண்டியிருந்தது வீடு.

இனி, சைவ மக்கள் கூடிய இச்சபையிலே ஓர் ஒப்பீட்டையும் செய்தல் முறை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள் உயிருக்குக் கருவிகள். அவையே உயிராகா என்று சித்தாந்தம் கூறும். எழுகின்ற எண்ணமே நாம் அல்லேம், அதனை அறிந்து நிற்பது வேறு என்னும் இத்தெளிவு சுவாட்ஸின் கருத்துக்கு அண்மையது. தாம் கூறும் ‘தான்’ இந்து சமயத்தின் ஆன்மா என்னும் கருத்தை ஒத்திருப்பதை அவரும் குறிப்பிட்டுள்ளார். ஆயினும் இரண்டும் ஒன்றேயெனத் துணிதல் அவசரமாகும். உயிர் அநாதியே ஆணவத்தாற் கட்டுண்டது, திருவருளாலன்றி அக்கட்டு நீங்காது என்பது சித்தாந்தம். சுவாட்ஸின் ‘தான்’ எக்காலத்தும் பழுதற்றது. மேலும், கரணங்களை நாம் தொழில்களாகக் காண்கின்றோம். அவர் கூறுகளை ஆட்களாகவே காண்கின்றார். வீடுபேற்றை அடைய நம் நூல்கள் உள. படிக்க அமர்ந்தவனின் நெஞ்சுப் படபடப்பு அடங்க ஒரு சிகிச்சை இருப்பின், அதனைச் சிகிச்சையாகவே மதித்து ஏற்றுக்கொள்வோம்.

அச்சிகிச்சையின் வலிமையையும் அளவோடு கூறுதல் எமது கடமை. முடக்குவாத நோயாளர் 79 பேரைக்கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2013 இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் ஒன்பது மாதம் இம்முறையைப் பயின்றனர். மற்றையோர் நோய்பற்றிய அறிவுரை மட்டும் பெற்றனர். பயின்றவர்களிடையே வலி குறைந்தது. ஓராண்டு கழித்தும் மனச்சோர்வு குறைந்தும் தம்மீது தமக்குள்ள பரிவு மிகுந்தும் காணப்பட்டன. இது நம்பிக்கை தரும் செய்தி. எனினும் இத்தகைய ஆய்வுகள் சிலவே. உலகெங்கும் இம்முறைக்கு எழுந்துள்ள ஆர்வம் ஆய்வுச் சான்றினை முந்திக்கொண்டு ஓடுகின்றது என்று கண்டிக்கும் அறிஞரும் உளர். கடும் மனநோயால் எது மெய், எது மாயை எனப் பிரித்தறிய இயலாதிருப்போரிடம் இதனைக் கையாளுதல் ஆபத்து என்பதும் அவர்களது எச்சரிக்கை. ஆகையால் சிறு கோபத்தையும் பரீட்சைப் பயத்தையும் அருகிருந்து கேட்கலாம்; பெருங்கொடுமையின் நினைவுகளைத் தனியே இருந்து தோண்டலாகாது. அதற்குப் பயிற்சிபெற்ற உளவளத்துணையாளரும் வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளும் உள. வாழ்வே வேண்டாம் என்று ஒரு கூறு முணுமுணுக்கத் தொடங்கினால் ஒரு நாளேனும் தாமதியாமல் ஒருவரிடம் சொல்லவேண்டும். தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. அதனை எழுதி வைத்துக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இளைஞர்களே, இன்றிரவு வீடு சென்று ஒன்றைச் செய்து பாருங்கள். நீங்கள் உங்களிடத்து மிக வெறுக்கும் இயல்பு எதுவோ, அதற்கு ஏச்சுக்குப் பதிலாக ஒரு கேள்வி கொடுங்கள். நீ யாருக்காக இவ்வளவு பாடுபடுகின்றாய் என்று கேளுங்கள். விடை உடனே வராது. பல்லாண்டாக ஏச்சு மட்டுமே கேட்டவன் முதல் நாளிலேயே வாய்திறப்பானா? மறுநாளும் கேளுங்கள். உங்கள் தாய் கதவருகே வைத்திருக்கும் அந்தப் பையைப் பற்றியும் கேளுங்கள். அதனுள் எந்த ஊரின் மண் ஒட்டியிருக்கின்றது என்று சொல்லச் சொல்லுங்கள்.

பெரியோர்களே, பிள்ளை தோற்று வந்து நிற்கும் நாளிலே ஒரு சொல்லைச் சற்றுப் பொறுத்து வையுங்கள். நீங்கள் இன்று சொல்வது நாளை அவனுள்ளே ஒரு குரலாகக் குடியேறும். நாற்பது வயதிலும் அவன் அக்குரலைக் கேட்பான். அது அவனை அடிக்கும் குரலாவதும் அணைக்கும் குரலாவதும் உங்கள் கையில் உள்ளது.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே மடமும் கேணியும் ஆவுரஞ்சிக்கல்லும் இருக்கும் இடங்களிற் சுமைதாங்கியும் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். தலையிலே பொதியோடு நெடுவழி நடந்தவன், பிறர் உதவியை நாடாமல், நின்றபடியே சுமையை இறக்கிவைத்து மூச்சுவிடுவதற்காக நாட்டிய கல் அது. நீ ஏன் இதைச் சுமந்தாய் என்று அது கேட்பதில்லை. உன் சுமை இழிந்தது என்று சொல்வதுமில்லை. தோளுயரத்துக்கு நிற்கின்றது, அவ்வளவே. நம்முள்ளே சுமந்து களைத்தோர் பலர் உளர். அவர்களுக்கு நாமும், நமது வீட்டிலுள்ளோர்க்கு நாமும், இச்சங்கத்துக்கு வரும் ஒவ்வோர் இளைஞனுக்கும் இச்சங்கமும், தோளுயரத்துக்கு நிற்கும் சுமைதாங்கியாக இருப்போமாக.